குமிழ், பிசுபிசுப்பு, விரிசல்: ரெசின் நிரப்பிய மரத்தைக் கடையும்போது வரும் கோளாறுகள்

லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) ஏற்றிய கட்டையில், இரண்டாவது சீவலிலேயே ரெசினுக்குள் (திரவமாக ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) கடுகு கடுகாகக் குழிகள் தெரிந்தால், உளியைக் கீழே வைத்துவிட்டு ரெசின் புட்டியைத் திட்டத் தோன்றும். நானும் திட்டியிருக்கிறேன். பொந்தும் பிளவும் உளுத்த பகுதியும் உள்ள துண்டுகளை எறிய மனமில்லாமல், ரெசின் ஊற்றி நிரப்பிக் கிண்ணமும் பேனாவும் கடையத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. கோளாறு கண்ணில் படுவது லேத்தில்; நடந்ததோ ஊற்றிய அன்று. பல சமயம் அதற்கும் முன்பு, மரத்தை உலர்த்திய நாட்களில். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலிருந்தும் பின்னோக்கிப் போகிறேன். கையில் இருக்கும் கட்டையைக் காப்பாற்ற வழி இருந்தால் சொல்கிறேன். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் இருப்பது எபாக்சியா, பாலியூரிதேனா, பாலியெஸ்டரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றையும் பொதுவாக ‘ரெசின்’ என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

ஊற்றிய ரெசின் நுரைத்துப் பொங்குகிறது

பால் பொங்குவதுபோல ரெசின் அச்சின் வாயைத் தாண்டி எழுந்து, இறுகியபின் பஞ்சுபோல இருந்தால், அது பாலியூரிதேன், காரணம் ஈரம். பாலியூரிதேனில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் அதனுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். அந்த வாயுதான் நுரை. மரத்தில் இருந்த ஈரமாக இருக்கலாம், திறந்து வைத்த புட்டிக்குள் காற்றிலிருந்து இறங்கிய ஈரமாக இருக்கலாம், தண்ணீர் கலந்த சாயமாகவும் இருக்கலாம்.

நுரைத்த ரெசினைக் காப்பாற்ற முடியாது. கடைந்தால் துளைகள்தான் வரும். பொந்து சிறியதென்றால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றலாம். பெரியதென்றால் கட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு மரத்தை எடை போட்டு உலர்த்துங்கள். ஈரமானியின் ஊசி மேற்பரப்பைத்தான் நன்றாகப் பார்க்கும். நடுவில் ஒளிந்திருக்கும் ஈரத்தைத் தராசுதான் காட்டும். ஓவனை 100 முதல் 105 டிகிரி செல்சியஸில் வைத்துக் கட்டையை உள்ளே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுங்கள். அண்மையில் நான் உலர்த்திய ஒரு கட்டை 640 கிராமில் தொடங்கியது. 606, 591, 588 என்று இறங்கி, மறுபடியும் 588 காட்டியது. இரண்டு முறை ஒரே எண் வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை என்று பொருள். போன 52 கிராமை 588ஆல் வகுத்தால், ‘காய்ந்துவிட்டது’ என்று நான் நம்பியிருந்த அந்தக் கட்டையில் ஏறத்தாழ 9 சதவீத ஈரம் இருந்திருக்கிறது. எபாக்சிக்கு அது போதுமான உலர்வு. பாலியூரிதேனுக்குப் போதாது. உலர்ந்த கட்டையை வெளியே எடுத்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் விட்ட ஈரத்தை அது திரும்பக் குடிக்கும். வேகமாக உலர்த்தினால் கட்டை வெடிக்காதா என்று கேட்பீர்கள். வெடிக்கும். ரெசின் ஊற்றப்போகிற கட்டை ஊற்றுவதற்கு முன்பே வெடித்துவிட்டால் எனக்கு நிம்மதிதான்.

இறுகிய ரெசினுக்குள் குமிழ்கள்

குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

மரத்தின் ஓரத்தை ஒட்டியே முத்து கோத்ததுபோல நின்றால், காற்று மரத்திலிருந்து வந்திருக்கிறது. மரம் முழுவதும் நுண்குழாய்கள், அவற்றில் காற்று. ரெசின் இறுகும்போது சூடு எழும்பும், காற்று விரியும், குழாய் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறும். அப்போதைக்கு ரெசின் தேன் பதத்துக்கு வந்திருக்கும். குமிழால் மேலே ஏற முடியாது. ஊற்றுவதற்கு முந்தைய நாளே பொந்தின் உட்சுவரில் மெல்லிய எபாக்சியைத் தூரிகையால் பூசி இறுகவிட்டால் இந்த வாய்கள் அடைபடும். கட்டை சூடாக இருந்து ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பூசுவது இன்னும் நல்லது. உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது ரெசினையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறும் காலை நேரத்தில் பூசினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

ரெசின் முழுவதும் ஒரே அளவில் பொடிக் குமிழ்கள் பரவியிருந்தால், கலக்கியதில் புகுந்த காற்று. முட்டை அடிப்பதுபோலக் கலக்கக் கூடாது. தட்டைக் குச்சியால் மெதுவாக, ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். குளிர்ந்த ரெசின் கெட்டியாக இருக்கும், குமிழை விடாது. புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்துக் கலந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் சூடு ஏறினால் இறுகும் வேகமும் ஏறும்.

ஓரிடத்தில் மட்டும் பெரிய வெற்றிடம் என்றால், ஊற்றும்போது பொந்தின் கூரைக்கடியில் காற்று சிக்கியிருக்கிறது. அச்சைச் சாய்த்து, ஒரே மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

அழுத்தக் கலம் (அச்சை உள்ளே வைத்து மூடிக் காற்றை அழுத்தி நிரப்பும் பாத்திரம்) வைத்திருப்பவர்களும் குமிழோடு வருகிறார்கள். அந்தக் கலம் குமிழை வெளியேற்றுவதில்லை, நசுக்குகிறது. மானி 45 பிஎஸ்ஐ காட்டும்போது உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. குமிழின் கன அளவு கால் பங்காகும். ரெசின் முழுதாக இறுகும் முன்பே அழுத்தத்தை இறக்கினால் நசுங்கியது மறுபடி உப்பிவிடும். ஆகவே மெதுவாக இறுகும் எபாக்சி என்றால் ஒரு நாளோ அதற்கு மேலோ அழுத்தம் நிற்க வேண்டும்; மூடியின் ரப்பர் வளையத்தில் சிறு கசிவு இருந்தாலும் விடிவதற்குள் எல்லாம் வீண். கலத்தின் மேல் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள், மூடியின் எல்லாத் திருகுகளையும் முடுக்குங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வேடிக்கை கிடையாது. திருகு விட்டால் அந்த மூடி குண்டுபோலப் பறக்கும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடக் கலம் இதற்கு எதிரான வேலையைச் செய்கிறது. குமிழை ஊதிப் பெரிதாக்கி மேலே கொண்டுவருகிறது. கலந்த ரெசினை ஊற்றும் முன் சுத்தம் செய்ய அது உதவும். மரத்தோடு சேர்த்து வெற்றிடத்தில் வைத்தால், மரம் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும்.

லேத்தில் கடையும்போது வெட்டுப்பட்டுத் திறந்த குமிழ்களை அடைக்கலாம். தூசியை ஊதிவிட்டு, மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டி, அதே நிற ரெசின் தூளைத் தூவி, காய்ந்ததும் சீவுங்கள். தெளிந்த ரெசினில் தூள் தூவாமல் பசையை மட்டும் இரண்டு மூன்று சொட்டாக விடுங்கள். சிறு குழிகளுக்கு இது போதும். பத்துக்கு மேல் இருந்தால் பொறுமை போய்விடும், மெல்லிய எபாக்சியை ஒருமுறை மேலே பூசிவிடுவது மேல்.

பிசுபிசுப்பு, ரப்பர் போன்ற மென்மை

நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மென்மை என்றால் அளவு தவறியிருக்கிறது. இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. புட்டியில் ‘2:1’ என்று, அதாவது இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர் (அதை இறுகவைக்கும் திரவம்) என்று போட்டிருப்பது பெரும்பாலும் கன அளவு. அதைத் தராசில் 100 கிராமுக்கு 50 கிராம் என்று நிறுத்துக் கலந்துவிடுகிறார்கள். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி அல்ல. ரெசின் மில்லி ஒன்றுக்கு 1.15 கிராமும் ஹார்டனர் 0.95 கிராமும் இருந்தால், சரியான எடை 100க்கு 41 தான். 50 கிராம் ஊற்றினால் ஹார்டனர் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. எடை விகிதத்தைத் தயாரிப்பாளரின் தாளில் தனியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அளவுக்குவளையால் கன அளவிலேயே அளந்துகொள்ளுங்கள்.

‘இன்னும் கொஞ்சம் ஹார்டனர் விட்டால் சீக்கிரம் இறுகும்’ என்பது பாலியெஸ்டரில் ஓரளவு உண்மை. அங்கே சேர்ப்பது வினையைத் தூண்டிவிடும் பொருள், பொதுவாக 1 முதல் 2 சதவீதம். எபாக்சியில் ஹார்டனரே வினையில் பாதி; கூட ஊற்றியது ஜோடி கிடைக்காமல் ஈரமாகவே உள்ளே கிடக்கும்.

அங்கங்கே மட்டும் ஒட்டினால், கலக்கல் போதவில்லை. குவளையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கலவாத ரெசினைக் கடைசியில் வழித்து ஊற்றியிருப்பீர்கள். நான் இப்போது ஒரு குவளையில் கலந்து, அதை வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி, அங்கேயும் ஒருமுறை கலக்குகிறேன். முதல் குவளையை வழிப்பதில்லை.

மேலே மட்டும் மெழுகு தடவியதுபோல வழவழப்பு, உள்ளே கல்: எபாக்சியில் குளிரும் ஈரக்காற்றும் சேர்ந்தால், ஹார்டனரிலிருந்து வரும் அமீன் படலம் மேலே படியும். வெந்நீரும் பழைய துணியும் போதும், கழுவிவிடலாம். பாலியெஸ்டரில் மேற்பரப்பு ஒட்டுவது இயல்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே இறுகலைத் தடுக்கிறது. அந்த அடுக்கு லேத்தில் எப்படியும் சீவப்பட்டுவிடும், கவலை வேண்டாம்.

சாயத்தையும் சந்தேகப்படுங்கள். மைக்கா தூளோ சாய விழுதோ எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் இறுகல் கெடத் தொடங்கும்.

அளவு சரி, கலக்கல் சரி, குளிர் மட்டுமே காரணம் என்றால் 40 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். அளவே தவறென்றால் எந்தச் சூடும் உதவாது, தோண்டி எடுக்க வேண்டியதுதான். அரைகுறையாக இறுகியதை லேத்தில் ஏற்றி உப்புத்தாள் போடாதீர்கள். அந்தத் தூசி தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

குவளை சுடுகிறது, புகை வருகிறது

ஒருநாள் அரை லிட்டர் எபாக்சியைக் கலந்து வைத்துவிட்டு, அச்சின் மூலையில் கசிவு கண்டு டேப் ஒட்டப் போனேன். திரும்பி வந்து குவளையைத் தூக்கினால், பிளாஸ்டிக் என் விரலுக்கடியில் குழைந்தது. நடுவில் மஞ்சள் வளையம் ஒன்று தோன்றி, அதிலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்தது. ஒரு நிமிடத்தில் ‘டிக்’ என்று சத்தம். ரெசின் குறுக்கே பிளந்தது.

எபாக்சி இறுகும்போது சூடு பிறக்கும். அகலமாகப் பரப்பினால் சூடு ஓடிவிடும், குவளையில் குவிந்தால் எங்கும் ஓட வழியில்லை. சூடு வினையை விரைவாக்கும், விரைந்த வினை இன்னும் சூடாக்கும். புகை வந்துவிட்டால் முகர்ந்து பார்க்காமல், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்த தரையில் குவளையை வைத்துவிட்டு விலகுங்கள்.

அச்சுக்குள்ளேயே இப்படி நடந்தால் ரெசின் மஞ்சளித்து, நடுவில் நெளிநெளியான விரிசலோடு நிற்கும். மேசைப் பூச்சுக்கான எபாக்சியை ஆழமான பொந்தில் ஊற்றியிருப்பீர்கள். அது சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும். ஆழமாக ஊற்றுவதற்கென்று தனி வகை உண்டு, 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை தாங்கும், இறுக மூன்று நாள் ஆனாலும் ஆகும். பூச்சு வகைதான் கையில் இருக்கிறதென்றால் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். முந்தைய அடுக்கு ஆறி, இன்னும் லேசாக ஒட்டும் நிலையில் அடுத்ததை ஊற்றினால் கோடு தெரியாது.

மரம் மிதந்தது, ரெசின் ஒழுகியது, சாயம் ஓடியது

மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம். ரெசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.1, பெரும்பாலான மரங்கள் 1க்குக் கீழ். ஆக மரம் மிதக்கத்தான் செய்யும், அச்சின் அடியில் சூடான பசையால் ஒட்டியோ மேலே கட்டை திருகியோ பிடித்து வையுங்கள். ஒழுகலைச் சோதிக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரிசியோ மணலோ காட்டாத கசிவை ரெசின் கண்டுபிடிக்கும், எனவே சந்தேகப்படும் எல்லா மூட்டிலும் சிலிக்கான் பூசுங்கள். நீலச் சாயம் வெளிறிய மரத்துக்குள் மை ஊறியதுபோலப் பரவியிருந்தால், உட்சுவரில் முன்பூச்சு போடாததன் விளைவு. அந்தக் கறை ஆழமாகப் போகும், சீவிச் சீவிக் கிண்ணம்தான் மெலியும்.

மரமும் ரெசினும் பிரிகின்றன

லேத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு கட்டையையும் கரண்டியின் பிடியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒட்டிய இடத்தில் ‘டொக்’ என்று அடங்கிய ஒலி வரும். விட்ட இடத்தில் மண் ஓட்டைத் தட்டியதுபோல ஒலி மாறும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டு வைக்கிறேன்.

பிரிவதற்கு முதல் காரணம், ரெசின் மரத்தைப் பிடிக்கவே இல்லை, மரத்தின் மேலிருந்த எதையோ பிடித்திருக்கிறது. பட்டையை அழகுக்காக விட்டிருப்பீர்கள். ரெசின் பட்டையோடு நன்றாக ஒட்டும், பட்டையோ மரத்தோடு ஒட்டாது. உளுத்த பொந்தில் தூள் மிச்சமிருந்தால் ரெசின் அந்தத் தூளைக் கட்டியாக்கிக்கொண்டு நிற்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, கூர் ஊசியால் சுரண்டுங்கள்; தூளில் ஊசி சத்தமில்லாமல் இறங்கும், நல்ல மரத்தை எட்டியதும் கரகரவென்று பேசும். அதுவரை நிறுத்தாதீர்கள்.

தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள் இன்னொரு வகைத் தொல்லை. அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஊற்றுங்கள். விட்டால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசியும். இழைத்து வழவழப்பான முகத்தை 80 எண் உப்புத்தாளால் கீறிவிடுவதும் அவசியம்.

பிரிவு மயிரிழை அளவென்றால் மெல்லிய சூப்பர் குளூ தானே உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். விரல்நகம் நுழைகிறதென்றால் அந்தக் கட்டையைச் சுழற்ற வேண்டாம். கழன்ற துண்டு உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

மரமே பஞ்சாகப் பிய்கிறது, ரெசின் மட்டும் நன்றாக நிற்கிறது என்பது தனிக் கதை. அப்படிப்பட்ட மென்மையான மரத்தை ஊற்றுவதற்கு முன்பே உறுதிப்படுத்த வேண்டும். முழுக்க உலர்ந்த துண்டை அதற்கென்றே உள்ள நீர்த்த ரெசினில் அமிழ்த்தி, வெற்றிடத்தில் குமிழ் அடங்கும்வரை வைத்து, பிறகு ஊறவிட்டு, சுமார் 90 டிகிரியில் சுட்டு இறுகவைப்பார்கள். சமையல் ஓவனில் இதைச் செய்யாதீர்கள். சுட்டது போதாமல் உள்ளே ஈரமாக நின்றால், மேலே ஊற்றும் எபாக்சியும் ஒட்டாமல் போகும்.

லேத்தில் சில்லு பறக்கிறது, கட்டை அதிர்கிறது

நல்ல ரெசினும் கூர்மையான உளியும் சேர்ந்தால் நாடாபோல நீளச் சுருள் வரும். பொடியும் சில்லுமாகச் சிதறினால் முதலில் சாணை பிடியுங்கள். ரெசின் உளியின் முனையை மரத்தைவிட வேகமாக மழுக்கும். பாலியெஸ்டர் இயல்பிலேயே கண்ணாடிபோல நொறுங்கும். அதற்கு மெல்லிய வெட்டு, கார்பைடு முனையைப் படுக்கையாக வைக்காமல் 45 டிகிரி சாய்த்துப் பிடிப்பது, இரண்டும் உதவும். எபாக்சியில் நீளச் சுருள் சக்கில் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் லேத்தின் தாடையில்) சுற்றிக்கொள்ளும். லேத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். ஓடும்போது கையை நீட்டுவதும் கையுறை போட்டுக் கடைவதும் வேண்டவே வேண்டாம்.

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் எடை. ஒரு பக்கம் ரெசின், மறுபக்கம் இலேசான மரம் என்றால் வடிவம் வட்டமாக இருந்தாலும் எடை நடுவில் இருக்காது. வேகத்தை ஏற்றினால் சரியாகும் என்று சிலர் செய்வது ஆபத்து. குறைந்த வேகத்திலேயே கடையுங்கள். சக் கவ்வும் இடம் முழுதும் நல்ல மரத்தில் அமையட்டும். மரமும் ரெசினும் சேரும் கோடு அந்தக் கவ்வலுக்குள் விழுந்தால் அங்கேயே பிளக்கும். வேறு வழியில்லையென்றால் அடியில் ஒரு நல்ல மரத் துண்டை ஒட்டி அதைக் கவ்வச் செய்யுங்கள்.

உப்புத்தாளுக்குப் பின் மேடுபள்ளம், மங்கல்

விரலை மெதுவாக ஓட்டினால் மரம் முடிந்து ரெசின் தொடங்கும் இடத்தில் சிறு படி தட்டும். மரமும் ரெசினும் ஒரே கடினம் அல்ல. உப்புத்தாள் மென்மையானதை அதிகம் தின்னும். உளியிலேயே கிட்டத்தட்ட முடித்த பரப்பைப் பெற்றுவிட்டால் உப்புத்தாளுக்கு வேலை குறையும், படியும் வராது.

அழுத்தித் தேய்க்காதீர்கள். பல எபாக்சிகள் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். இளகிய ரெசினில் உப்புத்தாளின் கீறல் உழுத சால்போலப் பதியும். தாளின் முதுகில் வைத்த விரல் சுட்டால் ரெசின் அதைவிடச் சுடுகிறது.

240 எண்ணின் கீறல் இருக்கும்போதே 600க்குத் தாவினால் மங்கல் போகாது. ஒவ்வோர் எண்ணிலும் லேத்தை நிறுத்தி, ரேகையின் போக்கில் கையால் ஒருமுறை தேய்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். 600க்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் ரெசின் கண்ணாடியாகும். ஆனால் அந்தத் தண்ணீர் நிறத்தூளை மரத்தின் துளைகளுக்குள் கொண்டுபோய் அப்பும். அதற்கு முன்பே மரத்துக்கு ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒருமுறை கொடுத்து அடைத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பூச்சு ரெசினின் மேல் மட்டும் காயாமல் பிசுபிசுத்தால், அது ஊற இடமில்லாமல் நிற்கிறது. கால் மணி நேரத்தில் முழுக்கத் துடைத்தெடுங்கள். துடைத்த துணியை விரித்துக் காயப்போடுங்கள். கசக்கி மூலையில் எறிந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

மாதங்கள் கழித்து விரிசல்

கிண்ணம் முடிந்து, மெருகும் ஏறி, அலமாரியில் அழகாக இருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் ரெசினின் ஓரம் முழுக்கக் கறுப்பு நூல்போல ஒரு பிளவு. மரம் ஈரத்துக்கேற்பச் சுருங்கும், விரியும். மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரெசின் அசையாது. அந்த இழுபறியில் பலவீனமான ஒட்டு விட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட கட்டையை உடனே ஒட்டவேண்டாம். ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் காய்கிறது. இன்று அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்திலேயே பிளக்கும். எடை நின்றபின் பிளவில் மெழுகும் மெருகும் போகச் சுரண்டி, மெல்லிய எபாக்சியைச் சொட்டி நிரப்பி, அந்த இடத்தை மட்டும் மறுபடி சீவினால் போதும். என் கிண்ணத்தில் எடை நிற்க ஐந்து வாரம் ஆனது. நிரப்பியபோது கறுப்பு மைக்காவைச் சேர்த்துவிட்டேன்; அந்தக் கோடு வேண்டுமென்றே போட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை.